அத்தைக்காக வலித்த பல்

எங்கள் வீட்டில் என்னை நம்பி யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆறு வயதில் நான் எடுத்திருந்த பெயர் அப்படி. ஒருமுறை அப்பாவின் ஆபீஸிலிருந்து தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, "உங்களைத்தான் எங்கப்பா யானைன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசைதான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் மிச்சக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பிவிடும். மதுரையில் மழையைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஆகவே அத்தையின் பல் உடைந்த செய்தி வீட்டில் எனக்கு மட்டும் தெரியாது. பல வருஷம் கழித்து அத்தையே சொல்லித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. அப்போது பதினெட்டு வயது. வாய் ஓயாமல் பேசுவாள், சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். அந்த வைகாசியில் திருமங்கலத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் ஜாதகம் சரியில்லை என்று தட்டிப் போயிருந்தன. இதில் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. அப்பா அந்த எட்டைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வருகிறவர்களுக்கு வைக்க வேண்டும் என்று அம்மா பன்னிரண்டு நாள் முன்னதாகவே பொருவிளங்காய் உருண்டை பிடித்தாள். வறுத்து அரைத்த மாவில் வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு உருட்டுகிற பலகாரம் அது. மாதக்கணக்கில் கெடாது. ஆனால் பாகு ஒரு கொதி கூடிவிட்டால் உருண்டை கல்லாகிவிடும். அம்மா அன்று எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு பேசிக்கொண்டே பாகு காய்ச்சினாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு பேச ஆரம்பித்தால் ஒரு கொதியில் நிற்காது. பெரியம்மா கிளம்பிப் போனதும் ருசி பார்க்க அத்தை ஓர் உருண்டையை எடுத்து முன்பல்லால் கடித்தாள். 'டக்'கென்று சத்தம் கேட்டது. உருண்டை உடைந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உருண்டைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதிக்கு மேல் போய்விட்டது. பல் உடைந்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பார்கள், வலிப்பு வந்து விழுந்திருப்பாள் என்பார்கள், அண்ணன் அடித்துவிட்டான் என்றுகூடச் சொல்வார்கள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்மா, "என் கையாலதானே, என் கையாலதானே" என்று புலம்பினாள்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். உடைந்த வேரைப் பிடுங்கிவிட்டு அச்சு அசலாக ஒரு பல் செய்து மாட்டிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அவருடைய கடை மாடியில் இருந்தது. வாசலில் இரண்டு வரிசைப் பல் வரைந்த பெரிய போர்டு. அந்தப் படியில் யார் ஏறினாலும் ரோடு முழுவதும் பார்க்கும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அதில் ஏறி இறங்கினாள் என்றால் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு அன்றே தெரிந்துவிடும். அவர் எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை, வயதுக்காகப் பெரியம்மா. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். திருமங்கலத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே அவர் இருக்கும்போது தந்தி ஆபீஸே தேவையில்லை.

வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தார், கோடை விடுமுறை. காலேஜ் நாடகத்தில் இரண்டு வரி பேசுகிற காவலாளியாக வந்ததிலிருந்து தன்னை ஒரு பெரிய நாடக ஆசிரியராக நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குப் பல்வலின்னு சொல்லுவோம்ணே. பிள்ளையைப் பிடிச்சுக்கிற அத்தைக்காரி கூட வாரா. அம்புட்டுத்தான். யாரு என்ன கேக்கப் போறா?"

"அந்த ஓட்டை வாய்கிட்டச் சொன்னா தல்லாகுளம் வரைக்கும் போயிருமேடா" என்றாராம் அப்பா.

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? அவளுக்கே வலிக்குதுன்னு அவளை நம்ப வச்சிருவோம்."

இப்படியாக, முத்துப் போல இருபது பால்பல்லும் ஒன்றுகூட ஆடாமல் இருந்த ஒரு குழந்தையைப் பல் வைத்தியரிடம் போக ஆயத்தப்படுத்தும் வேலை எங்கள் வீட்டில் தொடங்கியது.

அன்று மாலையே சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்து என் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "மதினி, இங்க வந்து பாருங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து பார்த்து, "அடி ஆத்தி!" என்றாள். அப்பா வந்து பார்த்துவிட்டு அவசரமாக வாசலுக்குப் போனார். அவருக்கு நடிக்க வராது.

"கடைவாய்ப் பல்லுல பூச்சி" என்றார் சித்தப்பா. "குட்டிப் பூச்சிதான். ஆனா நல்லாச் சாப்பிடுது."

சத்தியமாகச் சொல்கிறேன், அரைமணி நேரத்தில் எனக்கு வலி வந்துவிட்டது. பூச்சி இடதுபக்கமிருந்து வலதுபக்கம் நடந்துபோவது தெரிந்தது. திரும்பி வருவதும் தெரிந்தது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து கிராம்பு கொடுத்தார். சித்தப்பா எதிர்பார்த்ததைவிட நாடகம் நன்றாகப் போனது. அம்மாவுக்குத்தான் பாவமாகிவிட்டது. "தம்பி, பிள்ளைக்கு நெசமாவே வலிக்குது போல" என்று அவள் சொல்ல, "வலிக்கட்டும் மதினி, அதுதான் வேணும்" என்றார் சித்தப்பா. அந்த வார்த்தைக்கு அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதே நேரத்தில் அத்தை மௌன விரதம் பூண்டாள். வாயைத் திறந்தால் உடைந்த பல் தெரிந்துவிடும் என்பதால் அதுவும் சித்தப்பாவின் யோசனை. நல்ல இடம் அமைய மீனாட்சியை வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று வெளியில் சொன்னார்கள். அத்தை பேசாமல் இருப்பதைக் கண்டு தெருவே அசந்துபோனது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்குத்தா இம்புட்டு பக்தி இருக்கு" என்று திருமங்கலத்துக்குச் சொல்லியனுப்பினார். அத்தை என் பழைய சிலேட்டை வைத்துக்கொண்டு அதில் எழுதிப் பேசினாள். அவள் எட்டாவது வரை படித்தவள். எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரியும். 'உப்புத் தண்ணீர் கொப்பளி' என்று அவள் எழுதியதை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிவிடும். அவளுடைய பேச்செல்லாம் அந்தச் சின்னச் சிலேட்டில் அடைபட்டுக் கிடந்தது. கோபம் வந்தால் பலப்பத்தை அழுத்தி அழுத்தி எழுதுவாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஒத்திகை. அப்பாவின் சாய்வு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, கரண்டிக் காம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சித்தப்பா டாக்டராவார். அத்தை நாற்காலிக்குப் பின்னால் நின்று என் தலையைப் பிடித்துக்கொள்வாள். சட்டம் எளிது. 'வாயைத் திற' என்றால் உள்நாக்குத் தெரிய வாயைத் திறக்க வேண்டும். 'போதும்' என்று சொல்லும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் மூடக் கூடாது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கூரை உத்தரத்தைப் பார்த்து மனதுக்குள் எண்ண வேண்டும். வலித்தால் இடதுகைக் கட்டைவிரலைத் தூக்கலாம், அழக் கூடாது. அழுதால் பூச்சிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்துவிடுமாம்.

"டாக்டர் சீனாக்காரரு. தமிழ் தெரியாது. நீ அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றும் சொல்லி வைத்தார்.

இதற்கெல்லாம் கூலியாக, பல் பிடுங்கியதும் ஒரு கலர் சோடா வாங்கித் தருவதாக ஒப்பந்தம். ஐஸ் போட்ட கலர், சிவப்பு. அந்தச் சிவப்புக் கலருக்காக நான் எட்டு நாள் முறுக்கு தின்னாமல் கஞ்சி குடித்தேன். பல்வலிக்காரி முறுக்குத் தின்றால் எதிர்வீட்டுப் பெரியம்மா என்ன நினைப்பார்? அப்பா போகும்போதும் வரும்போதும் என் தலையைத் தடவி, "வலிக்கவே வலிக்காதுத்தா" என்பார். ஒரு நாளில் ஐந்து தடவை ஒருவர் அப்படிச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒருநாள் ஒத்திகை நடுவில் சித்தப்பாவின் சிநேகிதன் வாசலில் நின்று கூப்பிட, அவர் என்னை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் மூடவில்லை. தாடை வலித்தது, எச்சில் வழிந்தது, ஓர் ஈ வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் திரும்பி வந்து, "அட, இன்னும் திறந்தா வச்சிருக்க? போதும், போதும்" என்றார். அதற்குப் பிறகு என் வாய் என் வசம் இல்லை. "ஏன்டா, வாயைத் திறந்து பதில் சொல்றியா இல்லையா?" என்று அப்பா சித்தப்பாவை அதட்டினால்கூட எனக்கு வாய் திறந்துகொண்டது.

எட்டாம் நாள் குதிரை வண்டியில் போனோம். நான் கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தேன். தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. எதிர்வீட்டுப் பெரியம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, "அழுகக் கூடாது தங்கம்" என்றார். நான் பெருமையோடு தலையை ஆட்டினேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தான் அவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசை வரிசையாகப் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருந்தன. நடுவில் இரும்பு நாற்காலி. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வைத்தியர் வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க. யாருக்கு வலி?" என்றார். எங்கள் தெருக்காரர் பேசுகிற மாதிரியே இருந்தது. சித்தப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அலமாரியில் இருந்த பற்களை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு!" என்று சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். துணியை அவிழ்த்தேன். கை இரண்டையும் மடியில் வைத்தேன். உத்தரத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

அவர் சின்னக் கண்ணாடியை விட்டு நிதானமாகப் பார்த்தார். "இம்புட்டு நல்ல பல்லை இந்த ஊர்ல நான் பார்த்ததில்லையே. எதுக்குக் கூட்டியாந்தீங்க?" என்றார்.

அப்பா அத்தையைக் கை காட்டினார். அத்தை முந்தானையை எடுத்தாள்.

நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். எட்டு நாளாக என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு முன்பல் இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "எனக்குப் பூச்சி இருக்கு! நல்லாப் பாருங்க! நான்தான் கஞ்சி குடிச்சேன்!" என்று கத்தினேன். சித்தப்பா என்னைத் தூக்கி இறக்கினார். அத்தை என் இடத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு யாரும் ஒத்திகை நடத்தவில்லை, 'வலிக்காது' என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கல்யாணம்தான் ஞாபகம் இருந்தது, வலிக்கப் போகிறது என்பது ஞாபகம் இல்லை. வைத்தியர் ஊசியை எடுத்ததும் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் போய்விட்டது. பக்கத்தில் போய் நின்று, "அத்தை, கையை மடியில வை. மேல பாரு. எண்ணிக்கிட்டே இரு. வலிச்சாக் கட்டைவிரலைத் தூக்கு" என்றேன். அவள் நான் சொன்னபடியே செய்தாள். இருபத்தேழு எண்ணும்போது கட்டைவிரல் தூக்கினாள். நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். "இந்தப் பிள்ளையை இங்கேயே விட்டுட்டுப் போங்கண்ணே, எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார் வைத்தியர். வேரைப் பிடுங்கி, மெழுகை வைத்து அச்சு எடுத்து அனுப்பினார். மூன்று நாள் கழித்து, என் காயத்தைக் காட்டுகிற சாக்கில் மறுபடியும் போய்ப் புதுப்பல்லை மாட்டிக்கொண்டு வந்தோம். அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிற சிவப்புத் தகடு, அதன் முனையில் ஒற்றைப் பல். மாட்டிவிட்டால் சொந்தப் பல் தோற்றுப்போகும்.

எனக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கலர் கிடைத்தது. கூடவே ஒரு கட்டளையும் கிடைத்தது. யார் கேட்டாலும் என் பல்லைத்தான் பிடுங்கினார்கள் என்று சொல்ல வேண்டும்.

"அது பொய்யில்ல?" என்று கேட்டேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

அப்பா மழையைப் பற்றி ஏதோ சொன்னார். சித்தப்பா, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாயையே திறக்காத. திறந்தியோ, அத்தைக்குக் கல்யாணம் நின்னுபோகும்" என்றார். அது புரிந்தது. அத்தைக்குக் கல்யாணம் ஆனால் எனக்குப் பட்டுப்பாவாடை உண்டு என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

மறுநாளே அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் இரண்டு பெரியவர்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, நல்ல மாதிரியாக இருந்தார். அம்மா கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். பொருவிளங்காய் உருண்டையை யாரும் வெளியே எடுக்கவில்லை. அத்தை பட்டுச்சேலையில் வந்து கும்பிட்டுவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் ஏதோ கேட்க, அத்தை மெல்லச் சிரித்தாள். பல் பளிச்சென்று இருந்தது. அப்பா மூச்சு விட்டது எனக்கே கேட்டது. நான் மூலையில் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, வாயையே திறக்காமல் நின்றேன். கேசரிகூட வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அதைவிட ஒரு பிள்ளை என்ன செய்துவிட முடியும்?

எதிர்வீட்டுப் பெரியம்மாவும் வந்திருந்தார். அவருக்கு என் மேல் உண்மையாகவே பாசம். எல்லாம் நல்லபடியாகப் போகிற சந்தோஷத்தில் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் குட்டியைப் பாருங்க. சீனாக்காரர்கிட்டப் போயி பல்லைப் பிடுங்கிட்டு வந்திருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை!" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் பிள்ளைகளிடம் பிரியம் உள்ளவர்தான். என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியா! எந்தப் பல்லுத்தா? எங்க, வாயைத் திற, பாப்போம்" என்றார்.

வாய் திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது. கை இரண்டும் மடிக்குப் போயின. கண் உத்தரத்துக்குப் போனது.

அந்த அம்மாள் குனிந்து இப்படியும் அப்படியும் பார்த்தார். "எல்லாப் பல்லும் இருக்கே?" என்றார்.

"பிடுங்கலைங்க, மருந்து வச்சு அனுப்பிட்டாரு" என்றாள் அம்மா. அதே மூச்சில் சித்தப்பா, "முளைச்சிருச்சு" என்றார்.

நாலு நாளில் முளைத்த பல்லை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக நிமிர்ந்து அத்தையைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. அவர் பாய்ந்தது என் மேல்.

"எல்லாம் இவ பண்ணின கூத்துங்க! கலர் வாங்கிக் குடிக்கணும்னு பல்வலின்னு ஊரை ஏமாத்திட்டா. பொய்க்காரி! சொல்லு, பொய்தான் சொன்னேன்னு அவங்ககிட்டச் சொல்லு!"

நான் எப்படிச் சொல்வேன்? யாரும் இன்னும் 'போதும்' என்று சொல்லவில்லை. திறந்த வாயோடு உத்தரத்தைப் பார்த்தபடி நான் அழுதேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போனது. எட்டு நாள் பூச்சி, எட்டு நாள் கஞ்சி, இப்போது பொய்க்காரி. அப்பா என்னைப் பொய்க்காரி என்று சொன்னது அதுதான் முதல்தடவை. அதுவும் இத்தனை பேர் முன்னால். "சொல்றியா இல்லையா?" என்று அவர் கையை ஓங்கினார்.

"போதும்டி. வாயை மூடு."

அத்தையின் குரல். பெண் பார்க்கிற இடத்தில் பெண் தானாகப் பேசக் கூடாது. அவள் தலை நிமிர்ந்திருந்தாள்.

"அவ பொய் சொல்லலைண்ணே. அவளைச் சொல்லாதீங்க" என்றாள். அந்தப் பக்கம் திரும்பி வாய்க்குள் விரலை விட்டாள். பிறகு திரும்பி, தகட்டோடு அந்தப் பல்லை எடுத்து, நடுவில் இருந்த வெற்றிலைத் தட்டில் வைத்தாள். "பல்லு போனது எனக்குத்தான்" என்றாள். பல் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

கொட்டைப்பாக்குக்குப் பக்கத்தில் அந்தப் பல் கிடந்தது. மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது, ஏதோ சொல்ல வந்த மாதிரியும் இருந்தது. அவர் அம்மா எழுந்துவிட்டதால் அவரும் எழுந்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை. அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே, அப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "அப்ப நாங்க வாரோம். ஊருக்குப் போயிக் கடுதாசி போடுறோம்."

அவர்கள் போனபிறகு எங்கள் வீடு இழவு வீடாகிவிட்டது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, "என் உருண்டையாலதானே" என்று அழுதாள். சித்தப்பா டார்ச் லைட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையக் கேசரி போட்டு என் முன்னால் வைத்தார். அத்தைக்கு அதற்குப் பிறகு நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. அது வேறு மாப்பிள்ளை, அவருக்கு இவள் இரண்டாம் தாரம்.

ஆனால் அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். நான் பொய்க்காரி இல்லை என்று அத்தை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். கேசரியும் கிடைத்தது. கல்யாணத்துக்கும் ஒன்றும் குறைவில்லை. கடிதம் போடுகிறோம் என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், இவர்கள் எதற்காக இப்படி மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. திருமங்கலம் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்று போட்டால் நாளைக்கு வந்துவிடும்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தபால்காரர் தெருவில் நுழையும்போதே ஓடிப்போய், "திருமங்கலத்துலேருந்து எங்க அத்தைக்குக் கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டேன். என் குரல் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டுப் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். தபால்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். வீட்டுக்குள் வந்து சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அத்தை அவளைத் தடுத்துவிட்டு, "நாளைக்கு வரும்டி" என்றாள். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒரு வாரத்தில், நான் வருவதைப் பார்த்ததும் அடுத்த சந்து வழியாகப் போக ஆரம்பித்தார் தபால்காரர். நான் அங்கேயும் போய்க் கேட்டேன்.

அவர்கள் அந்தக் கடிதத்தை எங்கள் வாசலிலேயே, செருப்பு மாட்டும்போதே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது தெருவில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும்வரை தினமும் பதினோரு மணிக்கு அவள் தலையைச் சீவிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவளும் கடிதத்துக்காகத்தான் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.